பெயர் சொல்லி அழைத்தால் யார் பதில் சொல்வது? சிறு அலுவலக நெட்வொர்க்கில் கணினிப் பெயர்ச் சிக்கல்கள்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கு ஆண்டு வேலையின் பெரும்பகுதி மாம்பழப் பருவத்தின் சில வாரங்களுக்குள்ளேயே வந்து குவிந்துவிடுகிறது. தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் அந்த நாட்களில், எடைமேடை அறையின் கணினி, கணக்கர் அறையில் உள்ள கணினியின் ஷேர் ஃபோல்டரைக் காணவில்லை என்று திரையில் காட்டினால், அது வெறும் தொழில்நுட்பக் கோளாறாக இருப்பதில்லை. எடைச்சீட்டு நிற்கிறது, சீட்டு நின்றால் வண்டி நிற்கிறது, வெயிலில் நிற்கும் வண்டியில் பழம் கனிந்துகொண்டே போகிறது. அத்தகைய நேரங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்தான் இருக்கும்: “நெட்டு வருதுங்க, ஆனா ஆபீஸ் சிஸ்டம் கெடைக்கல.”

சொல்பவர் அறியாமலேயே இந்த வாக்கியத்தில் பாதி விடையைச் சொல்லிவிடுகிறார். நெட் வருகிறது என்றால் கேபிள், ஸ்விட்ச், ரௌட்டர் ஆகியவை ஏதோ ஓர் அளவில் வேலை செய்கின்றன என்று பொருள். அலுவலகக் கணினியும் தன் இடத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அறுந்திருப்பது பெரும்பாலும் பெயர்: அந்தக் கணினியின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைத் திருப்பிச் சொல்லும் வழி. இந்த இடத்தில் பலர் ரௌட்டரை அணைத்து மீண்டும் போடுகிறார்கள், ஃபயர்வாலை முழுவதுமாக நிறுத்துகிறார்கள், சிலர் விண்டோஸையே மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். இவற்றில் ஏதோ ஒன்றால் சில வேளை சரியாகிவிடுவதும் உண்டு. எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாததால், அதே கோளாறு இரண்டு வாரத்தில் மீண்டும் வருகிறது. தொடக்கத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த நெட்வொர்க்கில், இந்தப் பெயருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது? பெரும்பாலான சிறு அலுவலகங்களில் அந்தப் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை என்பதே இந்தக் கட்டுரை விளக்க முற்படும் செய்தி.

கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை. 192.168.1.20 போன்ற ஐபி முகவரியால்தான் அறிகின்றன. பெயர் நம் வசதிக்காக வைத்துக்கொண்டது. தொடக்க காலத்தில் இந்தப் பெயர்களையும் முகவரிகளையும் பொருத்திக் காட்டும் பட்டியல் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது; இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இணைந்திருந்த இடங்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகியபோது ஒரு கோப்பால் ஈடுகொடுக்க முடியாமல் போகவே, 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ் என்னும் முறையை வடிவமைத்தார். பெயர்களை மரம்போல் கிளை பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளரை வைப்பது அதன் அடிப்படை. ஆனால் பழைய கோப்பு மறைந்துவிடவில்லை. இன்று நீங்கள் வாங்கும் புத்தம்புது விண்டோஸ் கணினியிலும், சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற இடத்தில், ஹோஸ்ட்ஸ் என்ற பெயரோடு அதன் வாரிசு உட்கார்ந்திருக்கிறது. டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்பதற்கு முன்பே கணினி இந்தக் கோப்பைத்தான் பார்க்கிறது. இந்தச் செய்தி பின்னால் நமக்குப் பெரிதும் உதவும்.

இணையத்துக்கு டிஎன்எஸ் போதுமானதாக இருந்தது. ஆனால் நான்கைந்து கணினிகள் மட்டுமே உள்ள ஓர் அறைக்குப் பொறுப்பாளரை நியமிக்க யாரும் விரும்பவில்லை. ஊரில் ஒருவரின் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு: கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டைப் பார்க்கலாம், அல்லது தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். டிஎன்எஸ் முதல் வழி. ஐபிஎம் நிறுவனத்தின் சிறு கணினி நெட்வொர்க்குக்காக சைடெக் என்ற நிறுவனம் அதே 1983-இல் உருவாக்கிய நெட்பயாஸ் இரண்டாம் வழி. ஒரு கணினி “இந்தப் பெயருடையவர் யார்?” என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும் குரலில் அழைக்கும், பெயருக்குரிய கணினி “நான்தான்” என்று தன் முகவரியோடு பதில் சொல்லும். விண்டோஸ் இப்படி 750 மில்லிவிநாடி இடைவெளியில் மூன்று முறை கூப்பிட்டுப் பார்க்கும். தவறான பெயரை அடித்தால் பிழைச்செய்தி வருவதற்குள் கணினி சற்று யோசிப்பதுபோல் தோன்றுவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். இதில் பதிவேடும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை, அமைக்க வேண்டியது எதுவும் இல்லை. அதனால்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊர்க் கடைகளிலும் ஆலைகளிலும் பெயர்கள் தாமாகவே கிடைத்துவந்தன. யாரும் எதுவும் செய்யாமலேயே கிடைத்ததால், அதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று.

நெட்பயாஸ் பெயருக்கு 16 இடங்கள் உண்டு. கடைசி இடம் சேவையின் வகையைக் குறிக்க ஒதுக்கப்பட்டிருப்பதால், பெயருக்குக் கிடைப்பது 15 எழுத்துகள். நம் மாவட்டக்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும் விதி. ஆங்கிலத்தில் எழுதினால் கிருஷ்ணகிரி என்ற ஊர்ப்பெயருக்கு மட்டும் 11 எழுத்துகள் போய்விடுகின்றன, தருமபுரிக்கு 10. ஊர்ப்பெயரை எழுதி, ஓர் இணைப்புக்கோடு போட்டு, பில்லிங் என்ற சொல்லைச் சேர்த்து, முதல் கவுண்டருக்கு 1 என்றும் இரண்டாம் கவுண்டருக்கு 2 என்றும் பெயர் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிக் கிளையில் பில்லிங் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகளோடும், தருமபுரிக் கிளையில் முதல் நான்கு எழுத்துகளோடும் பெயர் வெட்டப்பட்டுவிடும். 1, 2 என்ற எண்கள் வந்து சேருவதே இல்லை. இரண்டு கவுண்டர்களும் ஒரே பெயரைக் கோரும்; முதலில் இயக்கப்பட்ட கணினி பெயரைப் பிடித்துக்கொள்ளும்; இரண்டாவதற்கு, அதே பெயர் நெட்வொர்க்கில் ஏற்கெனவே இருப்பதாகப் பிழைச்செய்தி வரும். காலையில் யார் முதலில் வந்து சுவிட்சைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அன்றைய கோளாறு மாறும். பெயர் சூட்டும்போது, சுருக்கப்பட்ட வடிவம் இது என்று விண்டோஸ் எச்சரிக்கத்தான் செய்கிறது. அந்தப் பெட்டியைப் படிக்காமல் ஓகே அழுத்துவது உலக வழக்கம். நெடுஞ்சாலையோர ஜவுளிக் கடை ஒன்றில் ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பிரதி எடுத்து ஆறு கணினிகளில் போட்டுவிட்டு, பெயர்களை மாற்ற மறந்துபோனதால் நிகழ்ந்த குழப்பத்தைத் தீர்க்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது. அங்கும் காரணம் இதுவே.

காண்பதும் அடைவதும் வேறு

எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதைத் திறந்தால் மற்ற கணினிகளின் படங்கள் வரிசையாகத் தெரிவதையே “கனெக்ஷன் இருக்கிறது” என்பதற்கு அடையாளமாகப் பலர் கொள்கிறார்கள். அந்தப் படம் மறைந்தால் பெயர் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். இந்தத் துறையில் நான் காணும் தவறான முடிவுகளில் இதுவே முதலிடம் பெறும். படங்களின் பட்டியலைத் தயாரிப்பது ஓர் ஏற்பாடு. பெயருக்கு முகவரி கண்டுபிடிப்பது வேறோர் ஏற்பாடு. பட்டியலில் தெரியாத கணினியின் பெயரை முகவரிப் பட்டையில் இரண்டு சாய்கோடுகளுக்குப் பின் தட்டச்சு செய்தால் அது உடனே திறந்துகொள்வதுண்டு. பட்டியலில் அழகாகத் தெரியும் கணினி திறக்காமல் போவதும் உண்டு.

பழைய பட்டியல் முறையை விளங்கிக்கொண்டால் இதன் காரணம் தெரியும். கம்ப்யூட்டர் பிரௌசர் என்ற சேவையின்கீழ், ஒரு நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைத் தலைமைப் பட்டியல்காரராகத் தேர்ந்தெடுத்தன. மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை தாம் உயிரோடு இருப்பதை அதனிடம் அறிவித்தன. மூன்று அறிவிப்புகள் தவறினால்தான் பெயர் நீக்கப்படும். துணைப் பட்டியல்காரர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தங்கள் பிரதியைப் புதுப்பித்தார்கள். இந்தக் கணக்கின்படி, அணைக்கப்பட்ட ஒரு கணினி 51 நிமிடம் வரை பட்டியலில் இருப்பதுபோல் காட்சி தரலாம். ஆக, அந்தப் பட்டியல் ஒருபோதும் உடனுக்குடன் உண்மை சொன்னதில்லை.

இந்தச் சேவை எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையைச் சார்ந்திருந்தது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற தாக்குதல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த நெறிமுறையைக் கைவிடும் முடிவை மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே எடுத்திருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் கணினிகளில் எஸ்எம்பி 1-இன் சேவையகப் பகுதி வருவதில்லை. வீட்டுப் பதிப்பிலும் தொழில்முறைப் பதிப்பிலும் எஞ்சியிருந்த மறுபகுதியும், அதாவது பிற கணினிகளின் கோப்புகளை அணுகும் பகுதியும், கணினி இயங்கிய காலத்தில் மொத்தம் 15 நாள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் தானாகவே நீங்கிவிடும். அதோடு கம்ப்யூட்டர் பிரௌசர் சேவையும் போய்விடும். எந்த அறிவிப்பும் இல்லாமல் தெருவில் ஒரு குரல் அடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு 1803 பதிப்பில், வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர உதவிய ஹோம்குரூப்பும் நீக்கப்பட்டபோது, “விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து சிஸ்டம் தெரியவில்லை” என்ற புகார் வழக்கமானது.

இப்போது அந்தப் படங்களைக் காட்டுவது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற முறை. ஒவ்வொரு கணினியிலும் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சேவை ஓடினால்தான் அது தன்னை மற்றவர்களுக்கு அறிவிக்கும். கணினி தெரியவில்லை என்றால் காணாமல்போன கணினியில் அந்தச் சேவையைத் தானியங்கித் தொடக்கத்துக்கு மாற்றுவதும், நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் என்று மாற்றுவதும் பெரும்பாலும் போதும். எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐகான் ஒன்றைத் திரையில் பார்ப்பதற்காகக் கணக்குப் புத்தகம் முழுவதையும் பூட்டும் ஆபத்தை வாங்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய ஸ்கேனர் ஒன்று அந்த நெறிமுறையை மட்டுமே அறியும் என்றால், ஸ்கேனரை மாற்றுவதே மலிவு.

நெட்பயாஸுக்குப் பின் இரண்டு புதிய குரல்கள் வந்தன. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த எல்எல்எம்என்ஆர் ஒன்று. ஆப்பிள் நிறுவனம் 2002 முதல் வளர்த்து, 2013-இல் பொதுத் தரமாக வெளியான எம்டிஎன்எஸ் மற்றொன்று. பெயரின் இறுதியில் புள்ளியும் லோக்கல் என்ற சொல்லும் வந்தால் அது எம்டிஎன்எஸ் பெயர் என்று கொள்ளலாம். பிரிண்டர்களும் லினக்ஸ் கணினிகளும் பெரும்பாலும் இந்த மொழியில்தான் பேசுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் வேண்டுமானாலும் “நான்தான்” என்று சொல்லலாம். சொல்பவர் உண்மையானவரா என்று சரிபார்க்க வழி இல்லை. இதைப் பயன்படுத்திக் கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவத்தை (ஹாஷ்) திருடும் கருவிகள் உள்ளன. அதனால் பெரிய நிறுவனங்கள் எல்எல்எம்என்ஆரையும் நெட்பயாஸையும் நிறுத்திவிடுகின்றன. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகள், வாடிக்கையாளர் நிறுவனத்தின் பாதுகாப்புத் தணிக்கைக்காக இவற்றை நிறுத்தினால் அன்றே பெயர்கள் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை. குரலை அடக்கியவர்கள் பதிவேட்டை எழுதி வைக்கவில்லை.

பதிவேடு வைத்திருப்பவர்போல் தோன்றும் ரௌட்டர்

எல்லோரும் பதிவேடு என்று நம்பிக்கொண்டிருப்பது ரௌட்டரை. அது ஒவ்வொரு கணினிக்கும் முகவரி வழங்குகிறது. வழங்கும்போது கணினி தன் பெயரையும் சொல்கிறது. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தால் பெயர்களும் முகவரிகளும் பட்டியலாகத் தெரிகின்றன. ஆகவே அதுவே பெயர்களுக்குப் பதில் சொல்லும் என்று நினைப்பது இயல்பு. சில ரௌட்டர்கள் உண்மையில் சொல்கின்றன: ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரௌட்டர்களில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல், தான் முகவரி கொடுத்த கணினிகளின் பெயர்களுக்குப் பின்னால் லேன் என்ற வால்பெயரைச் சேர்த்துப் பதில் தருகிறது. ஆனால் ஃபைபர் இணைப்போடு இலவசமாகத் தரப்படும் பெட்டிகளில் பல, பட்டியலை வெறும் காட்சிக்கு வைத்துக்கொண்டு, பெயர்க் கேள்விகளை அப்படியே இணையச் சேவையாளரின் சேவையகத்துக்குக் கடத்திவிடுகின்றன. எங்கோ ஒரு நகரத்தில் உள்ள அந்தச் சேவையகத்துக்கு உங்கள் எடைமேடைக் கணினியைத் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

இதில் நாமே வைத்துக்கொள்ளும் ஒரு வினையும் உண்டு. நெட் வேகமாக இருக்கும் என்று சொல்லி, 2009-இல் கூகுள் தொடங்கிய பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8-ஐ ஒவ்வொரு கணினியிலும் கைப்பட எழுதி வைக்கும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. ரௌட்டர் உள்பெயர்களுக்குப் பதில் சொல்லும் இடங்களில் இதைச் செய்தால், தெரிந்தவரை விட்டுவிட்டுத் தெரியாதவரிடம் வழி கேட்டதாக ஆகும். “முதலில் 8.8.8.8, இரண்டாவதாக ரௌட்டர் என்று எழுதியிருக்கிறேன், அது தெரியாவிட்டால் இது சொல்லும்” என்று விளக்கம் தருபவர்களைச் சந்தித்திருக்கிறேன். இரண்டாவது சேவையகம் கேட்கப்படுவது முதலாவது பதிலே தராதபோது மட்டும்தான். “அப்படி ஒரு பெயர் இல்லை” என்பதும் பதில்தான். அந்தப் பதில் கிடைத்தவுடன் டிஎன்எஸ் தேடல் அத்துடன் நிறைவடைகிறது. இந்த ஒரு நுட்பம் தெரியாததால் வீணான மணிநேரங்கள் ஏராளம்.

கோளாறைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பிங் என்ற கட்டளைக்குப் பின் கணினியின் பெயரை எழுதி, வரும் முதல் வரியை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வரியில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஐபி முகவரி தெரிந்தால், அடுத்த நான்கு வரிகளிலும் நேரம் கடந்துவிட்டது என்று வந்தாலும்கூட, பெயர்த்தேடல் வெற்றி பெற்றுவிட்டது. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு மறுமொழி தராமல் இருப்பது சாதாரணம் என்பதால், அந்த நான்கு வரிகளைப் பார்த்துப் பெயரைக் குறை சொல்லக் கூடாது. அதற்கு மாறாக, ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி வந்தால்தான் அது பெயர்ச் சிக்கல். இந்த இரண்டு செய்திகளையும் தொலைபேசியில் “பிங் போகல” என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்கள். அதனால் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

முகவரி தெரிந்தாலும் அது சரியான முகவரியா என்று பார்க்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அறியலாம். எஃப்ஈ80 என்று தொடங்கும் நீண்ட முகவரி வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது ஐபி ஆறாம் பதிப்பின் உள்முகவரி. பில்லிங் மென்பொருள் பழையதாக இருந்து நான்காம் பதிப்பை மட்டுமே ஏற்கும் என்றால்தான் அது சிக்கல் தரும். பிங் கட்டளையோடு இணைப்புக்கோடும் 4 என்ற எண்ணும் சேர்த்தால் பழைய வகை முகவரி கிடைக்கும்.

அடுத்தது என்எஸ்லுக்அப் என்ற கட்டளை. இது டிஎன்எஸ் சேவையகத்தை மட்டுமே நேரடியாகக் கேட்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்காது, தெருவில் கூப்பிட்டும் பார்க்காது. ஆகவே பிங் பெயரைக் கண்டுபிடித்து என்எஸ்லுக்அப் இல்லை என்று சொன்னால், முரண்பாடு எதுவும் இல்லை. அந்த அலுவலகத்தில் பெயர்கள் குரல் வழியாகவோ கோப்பு வழியாகவோ கிடைக்கின்றன, பதிவேடு வழியாக அல்ல என்பதே அதன் பொருள். மாறாக, என்எஸ்லுக்அப் சரியான முகவரியைச் சொல்லி, பிங் வேறொன்றைச் சொன்னால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாரோ எப்போதோ எழுதி மறந்த ஒரு வரி இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். கணினியின் முகவரி விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஆல் என்ற சேர்க்கையோடு இரண்டு கணினிகளிலும் ஓட்டி, முகவரிகளின் முதல் மூன்று பகுதிகளை ஒப்பிடுவதும் அவசியம். தொடக்கத்தில் சொன்ன எடைமேடைச் சிக்கல் வந்த மாங்கூழ் ஆலை ஒன்றில், இந்தக் கடைசி ஒப்பீட்டைத்தான் நான் கடைசியாகச் செய்தேன். முதலில் செய்திருக்க வேண்டும்.

அங்கே நடந்தது இதுதான். எடைமேடை அறையில் வைஃபை எட்டவில்லை என்று ஒரு புதிய ரௌட்டரை வாங்கி வைத்திருந்தார்கள். அலுவலகத்திலிருந்து வந்த கேபிளை அதன் வேன் (வெளி இணைப்புக்கான) துளையில் செருகி, எடைமேடைக் கணினியை லேன் (உள் கணினிகளுக்கான) துளையில் செருகியிருந்தார்கள். நெட் உடனே வந்தது. வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் அந்த இணைப்பால் எடைமேடை 192.168.0 என்று தொடங்கும் தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிட்டது, அலுவலகம் 192.168.1 என்பதிலேயே இருந்தது. நெட்பயாஸ், எல்எல்எம்என்ஆர், எம்டிஎன்எஸ் ஆகிய மூன்று குரல்களும் ஒரு ரௌட்டரைத் தாண்டிக் கேட்பதில்லை. சுவாரசியம் என்னவென்றால், எடைமேடையிலிருந்து அலுவலகக் கணினியை ஐபி முகவரி சொல்லித் திறந்தால் திறந்தது, பெயர் சொன்னால் திறக்கவில்லை. அலுவலகத்திலிருந்து எடைமேடையை எப்படிச் சொன்னாலும் திறக்கவில்லை. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது என்ற ரௌட்டரின் இயல்புதான் இந்த ஒருவழிப் பாதைக்குக் காரணம். ஐபியில் கிடைத்துப் பெயரில் கிடைக்காமல், அதுவும் ஒரு திசையில் மட்டும் இப்படி இருந்தால், நடுவில் யாருக்கும் சொல்லாமல் இன்னொரு ரௌட்டர் உட்கார்ந்திருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம். வைஃபையின் கெஸ்ட் இணைப்பும் இதையொத்த பிரிவினையைச் செய்யும். அதில் ஐபியும் சேர்ந்தே அடைபட்டுவிடும்.

இன்னொரு வகைக் கோளாறு, பதில் கிடைக்காததால் அல்ல, பழைய பதில் கிடைப்பதால் வருகிறது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும், தருமபுரி மாவட்டம் என்று கடித உறைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. எழுதியவரின் நினைவில் இருந்தது பழைய முகவரி. கணினியும் கேட்டறிந்த பதிலைச் சில காலம் நினைவில் வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போய் வந்தபின் ரௌட்டர் முகவரிகளை வேறு வரிசையில் வழங்கியிருந்தால், நினைவில் உள்ள முகவரியில் இப்போது பிரிண்டர் இருக்கலாம். ஐபிகான்ஃபிக் கட்டளையை ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற சேர்க்கையோடும், நெட்பயாஸ் நினைவுக்கான என்பிடிஸ்டாட் கட்டளையைப் பெரிய ஆர் எழுத்தோடும் ஓட்டினால் இரண்டு நினைவுகளும் அழியும். அழித்தவுடன் சரியானால், நினைவு குற்றவாளி அல்ல, மாறிக்கொண்டே இருக்கும் முகவரிதான் குற்றவாளி என்று உணர்ந்து அதைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு காலையும் கட்டளையை ஓட்டுவது மருத்துவம் ஆகாது.

பெயர் சரியாகக் கிடைத்து, முகவரியும் சரியாக இருந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நின்றாலோ, அனுமதி இல்லை என்று சொன்னாலோ, அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ள கோளாறு. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் வழிப் பகிர்வைத் தொழில்முறைப் பதிப்பிலும் இயல்பாகத் தடுத்துவிட்டதால், இத்தகைய அழைப்புகளும் இப்போது பெயர்ச் சிக்கல் என்ற போர்வையில் வந்து சேர்கின்றன.

தீர்வைப் பொறுத்தவரை, கணினிகளின் எண்ணிக்கையே அளவுகோல். பத்துக்குக் குறைவான கணினிகள் உள்ள இடத்தில், யாரைத் தேடி மற்றவை போகின்றனவோ அந்த ஒன்றிரண்டு கணினிகளுக்கு மட்டும் ரௌட்டரில் நிலையான முகவரியை ஒதுக்கி, மற்றவற்றின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதுவதே என் வழக்கம். பழைய பாணி என்று சிலர் சிரிப்பார்கள்; ஆனால் டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்பே பார்க்கப்படும் அந்தக் கோப்பு குரல்களையும் நம்புவதில்லை, இணையச் சேவையாளரையும் நம்புவதில்லை. நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து எழுத வேண்டும். சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொண்டால், விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். கணினியோ அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. இருபது, முப்பது கணினிகள் உள்ள இடங்களில் டிஎன்எஸ்மாஸ்க் ஓடும் ரௌட்டர் ஒன்றை வைத்து, எல்லாக் கணினிகளிலும் அதை மட்டுமே டிஎன்எஸ் சேவையகமாக அமைப்பது நல்லது. அப்போது வால்பெயராக லோக்கல் என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; அது எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது, இரண்டும் மோதும். வீட்டு நெட்வொர்க்குகளுக்கென 2018-இல் ஒதுக்கப்பட்ட ஹோம் புள்ளி ஆர்பா என்ற பெயரையோ, தனியார் பயன்பாட்டுக்கென, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பு 2024-இல் ஒதுக்கிய இன்டர்னல் என்ற சொல்லையோ வைத்துக்கொள்ளலாம். கணினிப் பெயரில் ஊர்ப்பெயர் வேண்டாம். எடைமேடைக்கு எடை, கணக்கருக்குக் கணக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ஓர் எண்ணும் போதும். அடிக்கோடும் இடைவெளியும் தவிர்க்கப்பட வேண்டும். இணைப்புக்கோடு மட்டும் அனுமதி.

அந்த ஆலையில் புதிய ரௌட்டரை எடுத்துவிடவில்லை. கேபிளை வேன் துளையிலிருந்து உருவி லேன் துளையில் செருகி, அந்த ரௌட்டரின் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, அதற்கே 192.168.1 வரிசையில் வேறு யாருக்கும் வழங்கப்படாத ஒரு முகவரியைக் கொடுத்தேன். அதன்பின் அது வைஃபை தரும் பெட்டியாக மட்டும் நின்றது; எடைமேடையும் அலுவலகமும் ஒரே தெருவுக்கு வந்துவிட்டன. கணக்கர் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்கி, எடைமேடைக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதை எழுதினேன். எழுதிய வரியை அப்படியே ஒரு தாளிலும் எழுதி, தேதியிட்டு, ஸ்விட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டினேன். அடுத்த பருவத்தில் வேறொருவர் வந்து ரௌட்டரை மாற்றி, முகவரி வரிசையும் மாறிப்போனால், பெயருக்குத் தவறான பதில் சொல்லப்போவது இனி அந்த ஒரு வரிதான். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.